காப்புக் கட்டி நடந்த எழுத்து

கணக்கப்பிள்ளை ரெங்கசாமி அதைப் பெரட்டில் வைத்துத்தான் சொன்னார். அத்தனை பேர் காதிலும் விழட்டும் என்றே சொன்னார்.

“பெரியாயி, ஒம் மக முதலாம் வகுப்பு பெஞ்சைத் தேய்ச்சது போதும். சித்திரைக்கு முன்னால இன்ஸ்பெக்டர் வர்றார். அவர் முன்னால புத்தகத்தைப் பிடிச்சு வாசிச்சான்னா இருக்கட்டும். இல்லேன்னா சுரண்டியைப் பிடிக்கட்டும். புல்லுவெட்டுக்கு ஆள் பத்தல.”

பெரியாயி அப்போது கூடைக் கயிற்றை நெற்றியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். கை பாதியில் நின்றது. “ஆமாங்க” என்றாள். பெரட்டில் வேறு பதில் கிடையாது.

விடியுமுன் தப்பு மேளம் அடிக்கிற சத்தத்துக்கு எழுந்து ஓடிவந்து, களத்தில் வரிசை பிடித்து நின்று, பெயர் கூப்பிட்டதும் ஆமாங்க சொல்லி, எந்த மலைக்குத் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போவது என்று கேட்டுக்கொண்டு கலைய வேண்டும். அதுதான் பெரட்டு. நமுனுகுல மலையடியில் ஊசிமலைத் தோட்டத்தில் அந்த வரிசையில் பெரியாயியின் தாய் நின்றாள். தாய் போன மறுநாளே அதே இடத்தில் பெரியாயி நின்றாள். நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது என்றார்கள். வந்த கையோடு இந்தத் தோட்டத்துச் சனத்தின் ஓட்டுரிமையைப் பறித்துக்கொண்டார்கள். வரிசை மட்டும் அப்படியே இருந்தது. அந்த வரிசையில் தன் மகள் செவந்தியின் பெயரை யாரும் கூப்பிடக்கூடாது. பெரியாயி வாழ்க்கையில் ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றைத்தான்.

செவந்தி மக்கு இல்லை. காமன் கூத்துப் பாட்டை ஒரு தரம் கேட்டால் திருப்பிப் பாடுவாள். எதிரே நிற்கிற மரம் தெரியாத மூடுபனியிலும், அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீட்டிலிருந்து மருந்து கொடுக்கிற அறையான மருந்துக் காம்பராவுக்குக் குறுக்குப் பாதையில் தடுக்காமல் போய்வருவாள். சாணியைப் பார்த்தே எந்த வீட்டு மாடு என்று சொல்லுவாள் என்று அவள் அப்பன் முருகையா போகிற இடமெல்லாம் பெருமையடிப்பான். ஆனால் புத்தகத்தைத் திறந்தால் போச்சு. “எழுத்து நிக்க மாட்டேங்குதும்மா. எறும்பாட்டம் ஓடுது” என்பாள்.

பள்ளிக்கூடத்தில் இளையதம்பி மாஸ்டர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். தகரக் கூரையும் அரைச்சுவருமான அந்த ஒரே அறையில் ஐந்து வகுப்பையும் தனியாளாகக் கட்டி மேய்த்துக் களைத்துப்போனவர். அவருடைய முறை எளியது. அவர் ஒரு வரி சொல்வார், அறை முழுக்கக் கத்தும். வருஷக் கடைசியில் புத்தகம் மொத்தமும் பிள்ளைகளுக்கு மனப்பாடம். கையில் புத்தகத்தைப் பிடித்து, சரியான இடத்தில் பக்கத்தைப் புரட்டி, கணீரென்று ஒப்பிப்பார்கள். அதற்கு வாசிப்பு என்று பெயர். அதில் தேறியவர்கள் மேல் வகுப்புக்குப் போனார்கள், அப்புறம் கொழுந்து மலைக்குப் போனார்கள், அங்கே கைநாட்டு வைத்தார்கள்.

செவந்திக்கு ஒப்பிக்க வராமல் இல்லை. அவளுக்கு ஏமாற்ற வராது. புத்தகத்தைப் பார் என்றால் உண்மையிலேயே பார்ப்பாள். எழுத்தைத் தேடிக்கொண்டு நிற்பாள். அதற்குள் பிரம்பு வந்துவிடும்.

தைப்பொங்கல் கழிந்ததும் பதுளை பஸ்ஸில் கமலாதேவி டீச்சர் வந்து இறங்கினார். சின்னப் பிள்ளைகளுக்கு என்று புதிதாகப் போட்ட டீச்சர். சுன்னாகத்துப் பெண், பயிற்சிக் கல்லூரியில் படித்தவர், மெலிந்த உடம்பு, உரத்த குரல். வந்த அன்றே முதலாம் வகுப்பில் இருந்த பிரம்பை எடுத்து ஆடுகிற பெஞ்சுக் காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் அது அந்த வேலையைத்தான் பார்த்தது.

அடுத்த வாரம் செவந்தி கையெல்லாம் மண்ணோடு வீட்டுக்கு வந்தாள். “களிமண்ணத் திரிச்சு எழுத்துச் செஞ்சோம்” என்றாள். இன்னொரு நாள் விரல் நுனி சிவந்து வந்தாள். டீச்சர் சாக்குத் துணியை எழுத்து எழுத்தாக வெட்டிப் பெட்டிப் பலகையில் ஒட்டியிருக்கிறாராம். சாக்கு கொடுத்தது சந்தியில் கடை வைத்திருந்த மொஹிதீன் நானா. சொரசொரப்பான அந்த எழுத்தை விரலால் வழித்துக்கொண்டே அதன் சத்தத்தை வாயால் சொல்ல வேண்டுமாம். கண்ணை மூடிக்கொண்டும் சொல்ல வேண்டுமாம்.

பெரியாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “சாக்க ஒட்டுறதுக்குப் பள்ளிக்கூடம் எதுக்கு? அந்தச் சாக்கத்தான் நான் இடுப்புல சுத்திக்கிட்டு மலையேறுறேன். எனக்கு எழுத்து ஒட்டிக்கிருச்சா?”

“நீ கொசுவத்துக்கு மேல சுத்திக்கிற, அதான் உள்ள போகல” என்றான் முருகையா. பெரியாயி முறைத்த முறைப்பில் எழுந்து இஸ்தோப்புத் திண்ணைக்குப் போய்விட்டான்.

ஆனாலும் ஒன்றிரண்டு எழுத்து செவந்தியிடம் நின்றது. ட நின்றது. ப நின்றது. ம-வும் ழ-வும் ஓடிக்கொண்டே இருந்தன. இன்ஸ்பெக்டர் வரும் நாள் கிட்டிக்கொண்டிருந்தது. பெரியாயி வேறு வழி தெரியாமல் மாரியம்மனிடம் போனாள். பங்குனித் திருவிழாவில் தீ மிதிக்கிறேன், என் பிள்ளைக்கு வாசிக்க வரட்டும் என்று வேண்டிக்கொண்டு, மஞ்சள் காப்பைக் கையில் கட்டிக்கொண்டாள். வீட்டில் மீன் கிடையாது, கருவாடு கிடையாது. முருகையா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பருப்பைத் தின்றான்.

இதற்கிடையில் ஒரு நாள் மூடுபனியில் டீச்சர் வழி தவறித் தேயிலைக்குள் நின்றிருக்கிறார். செவந்திதான் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனாளாம். இதைச் சொல்லும்போது செவந்திக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“‘உனக்கு எப்பிடியடி வழி தெரியுது? எனக்கு உன்ர முகமே தெரியேல்லை’ன்னாங்க. ‘எனக்கு எங்க டீச்சர் தெரியும், என் காலுக்குத் தெரியும்’னேன். நடுப் பாதையில நின்னுட்டாங்கம்மா. ‘திருப்பிச் சொல்லு’ன்னாங்க. திருப்பிச் சொன்னேன். அப்புறம் பள்ளிக்கூடம் வர்ற வரைக்கும் என்னமோ யோசிச்சுக்கிட்டே நடந்தாங்க.”

பெரியாயிக்கு அதில் ஒன்றும் விளங்கவில்லை. இரண்டு நாள் கழித்து விளங்கியது.

அன்று கொழுந்து நிறுக்க இறங்கி வந்துகொண்டிருந்தாள். கூடை கழுத்தை இழுத்தது. திருப்பத்தில் நிமிர்ந்தபோது கீழே பெரட்டுக் களம் தெரிந்தது. காலையில் அவர்கள் நின்ற அதே களம். லயத்துக்கு வெள்ளையடித்து மிச்சமிருந்த சுண்ணாம்பைக் கொண்டு களம் முழுக்க எழுத்துப் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு காம்பரா அகலம். அந்த எழுத்துகளின் மேல் பிள்ளைகள் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தார்கள். முன்னால் செவந்தி. கையை வீசிக்கொண்டு, வாய்விட்டுக் கத்திக்கொண்டு, ம-வின் மேல் நடந்துகொண்டிருந்தாள். டீச்சர் சேலையைச் சொருகிக்கொண்டு அவளுக்குப் பின்னால் நடந்தார்.

கடதாசித் துண்டு காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற சனம் அது. படிக்காத சனம்தான் அதை இன்னும் கவனமாகச் செய்யும். கையில் கிடைக்காத சரஸ்வதியைக் காலிலாவது படாமல் பார்த்துக்கொள்வார்கள். பெரியாயி கூடையை அங்கேயே இறக்கிவிட்டு ஓடினாள். செவந்தியின் கன்னத்தில் ஓர் அறை விட்டாள்.

“எழுத்தக் கால்ல மிதிக்கிறியேடி, பாவி. அதனாலதான ஒனக்கு வர மாட்டேங்குது. தொட்டுக் கும்பிடு. தொடுடி.”

செவந்தி குனிந்து சுண்ணாம்பைத் தொட்டாள். அழவில்லை. அம்மாவின் மணிக்கட்டில் இருந்த மஞ்சள் கயிற்றையே பார்த்தாள்.

“அவளுக்கு அடியாதேங்கோ” என்று டீச்சர் இடையில் வந்து நின்றார். “நடக்கச் சொன்னது நான். அடிக்கிறதெண்டா எனக்கு அடியுங்கோ.”

“நீங்க படிச்சவுங்கதான டீச்சரம்மா? சாமி கும்பிடுற வீட்டுப் பொண்ணுதான? எழுத்து யாருன்னு ஒங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும். யோசிக்காமல் செய்யேல்லை. இரண்டு நாள் நித்திரை கொள்ளாமல் யோசிச்சுத்தான் செய்தனான்.” டீச்சருக்கும் கோபம் ஏறியது. “நீங்கள் எல்லாரும் எழுத்தைக் கும்பிட்டுக் கும்பிட்டு என்னத்தைக் கண்டியள்? உங்கட வீட்டுப் படி மிதிக்காத சரஸ்வதியை உங்கட பிள்ளை கொஞ்சம் மிதிச்சால்தான் என்ன?”

அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம். உண்மைதான், ஆனாலும் சொல்லியிருக்க வேண்டாம். கொழுந்துக் கூடையோடு நின்ற பெண்கள் எல்லோரும் கேட்டார்கள். மாலைக்குள் மேல் லயம், கீழ் லயம் எல்லாம் அதே பேச்சு. கோயில் தலைவரும் ரெங்கசாமிதான். மறுநாளே பள்ளிக்கூடத்துக்குப் போய், களத்தில் இனி ஒரு எழுத்தும் விழக்கூடாது, விழுந்தால் ஒரு பிள்ளையும் வராது என்று சொல்லிவிட்டு வந்தார். பெரட்டுக்கு நின்றவர்களின் கால் பட்டே சுண்ணாம்பு அழிந்துபோனது. அதை மட்டும் யாரும் பாவம் என்று சொல்லவில்லை.

“தோட்டத்துச் சனத்தோட விளையாடக்கூடாது பிள்ளை” என்று இளையதம்பி மாஸ்டர் டீச்சருக்குப் புத்தி சொன்னாராம். “சத்தம் போட்டுச் சொல்லிக் குடு. அது போதும். இன்ஸ்பெக்டருக்கும் அதுதான் விருப்பம்.”

திருவிழாவுக்கு முந்தின நாள் பின்நேரம் பெரியாயி அடுப்படியில் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தாள். பருப்புச் சுற்றி வந்த பத்திரிகைத் துண்டு தரையில் கிடந்தது. செவந்தி அதைத் தாண்டிப் போனவள் திரும்பி வந்து குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை. பெரியாயி ஓரக்கண்ணால் பார்த்தாள்.

பிள்ளையின் கண் தாளில் இருந்தது. வலது கால் பெருவிரல் மட்டும் மண் தரையில் ஊர்ந்தது. கீழே இறங்கியது, குறுக்கே போனது, மேலே ஏறியது. “ப” என்றாள். விரல் இறங்கிக் குறுக்கே போய் நின்றது. “ட.” அப்புறம் இறங்கி, குறுக்கே போய், ஏறி, உள்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றியது. “ம். படம்.”

பெரியாயியின் கையில் அகப்பை அப்படியே நின்றது.

“என்னடி சொன்ன?”

செவந்தி திடுக்கிட்டுக் காலைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டாள். அறை விழும் என்று நினைத்திருக்க வேண்டும். “படம்னு போட்டிருக்கும்மா. பட்டணத்துல புதுசா படம் ஓடுதாம்போல. படத்தப் போட்டிருந்த பக்கம் கடையிலயே கிழிஞ்சு போச்சு.”

“மாஸ்டர் சொல்லிக் குடுத்த பாட்டா இது?”

“இல்லம்மா. பருப்புக் கடதாசி.”

“அந்த ம ஓடிக்கிட்டுல்ல இருந்துச்சு?”

“இப்ப ஓடல. அது நம்ம மருந்துக் காம்பராப் பாதையாட்டம் இருக்கும்மா. எறங்கி, தண்ணிக் கான் ஓரமாப் போயி, மேட்டுல ஏறுனதும் உள்ள திரும்பணும். நடந்து பாத்தப்புறம் அது அங்கயே நிக்குது.” கொஞ்சம் தயங்கினாள். “ழ-வுல பாதிதாம்மா நடந்தேன். நீ வந்துட்ட.”

அடுப்பில் பருப்பு அடிபிடித்தது. பெரியாயி அதை இறக்கவில்லை. நான் வந்துவிட்டேன். வாசிக்க வரட்டும் என்று காப்புக் கட்டிய இதே கையால் அறைந்துவிட்டேன். செவந்தியைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்தக் கன்னத்தைத் தடவினாள். அவர்கள் வீட்டில் தாய் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் இல்லை. சோறு போடும்போது அடிபிடிக்காத பருப்பாகப் பார்த்து அவளுக்கு ஊற்றினாள்.

“கடுகுக் கடதாசியும் இருக்கு. அதுலயும் என்னமோ போட்டிருக்கானாம். வாசிக்கச் சொல்லு பாப்போம்” என்றான் முருகையா.

செவந்தி அதிலும் இரண்டு எழுத்தைக் கண்டுபிடித்தாள். மற்றதெல்லாம் எறும்பு.

மறுநாள் பொழுது சாயும் நேரம் கோயில் முன்னால் குழி செக்கச்செவேலென்று கிடந்தது. தப்பு அதிர்ந்தது. முதலில் பூசாரி கரகத்தோடு இறங்கினார். அடுத்து ரெங்கசாமி, கழுத்தில் மாலை, இடுப்பில் மஞ்சள் வேட்டி. அப்புறம் வரிசையாகச் சனம். பெரியாயி இறங்கி நடந்தாள். காலில் சுட்டதா என்று பிற்பாடு கேட்டவர்களிடம், வேறு ஒரு நினைப்பில் இருந்தேன், கவனிக்கவில்லை என்றாள். அது நிஜம். நடுக் குழியில்தான் அந்த நினைப்பு வந்தது.

குழியின் மறுபக்கம் பால் குழியில் கால் நனைத்துக்கொண்டு ரெங்கசாமி நின்றார். பெரியாயி அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

“ஐயா, ஒண்ணு கேக்கணும். இப்ப எத மிதிச்சு வந்தீங்க?”

“இது என்ன கேள்வி? பூவ மிதிச்சு வந்தேன்.”

“தீதானுங்க அது?”

“தீன்னு சொல்லாத. அம்மன் அது. நமக்குப் பூவா எறங்கி வந்திருக்கா.”

“அப்ப அம்மனயா மிதிச்சீங்க?”

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரெங்கசாமிக்கு முகம் மாறியது. “வாயக் கழுவு. விரதமிருந்து, காப்புக் கட்டி, மஞ்சத் தண்ணியில கால் கழுவி மிதிச்சா அது மிதிக்கிறதா? அது கும்பிடுறது. பூசாரியக் கேளு.”

“கும்பிடுறதுதான்” என்றார் பூசாரி. கரகத்தை இறக்கிவைத்த களைப்பில் இருந்தார். இந்தப் பேச்சு எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியாது.

“சரிங்க” என்றாள் பெரியாயி. “அப்ப எம் மகளுக்கு ஒரு காப்புக் கட்டி விடுங்க. நாளைக்கு அவ எழுத்துல எறங்குறா.”

பெண்கள் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். பூசாரியும் சிரித்துவிட்டார். “கணக்கப்பிள்ளை, மாட்டிக்கிட்டீங்களே.”

“இது வேற, அது வேற” என்றார் ரெங்கசாமி.

“எப்புடிங்க வேற? மாரியம்மா கால்ல வந்தா கோவிச்சுக்க மாட்டா, சரஸ்வதியம்மா மட்டும் கோவிச்சுக்குவாளா? ரெண்டு பேரும் ஒரே வீட்டுப் பொம்பளைங்கதான. நம்ம புள்ளைங்கள சுரண்டி புடிக்க விட்டா வேணும்னா ரெண்டு பேருமே கோவிச்சுக்குவாங்க.”

பேசிவிட்டு அவளுக்கே பயமாக இருந்தது. கணக்கப்பிள்ளையிடம் அவள் ஆமாங்க தவிர வேறு சொன்னது அதுதான் முதல் தடவை. அவளுக்கு அந்தத் துணிச்சலைக் கொடுத்தது சாமியும் இல்லை, தீயும் இல்லை. ஒரு பிள்ளையின் கால் பெருவிரல்.

பூசாரி தட்டிலிருந்து ஒரு மஞ்சள் கயிறு எடுத்தார். செவந்தி கையை நீட்டினாள். கூட்டத்துக்குப் பின்னால், புகைக்கு மூக்கில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு கமலாதேவி டீச்சர் நின்றதை அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள். அவர் முன்னால் வந்து தன் கையையும் நீட்டினார்.

“ஒங்களுக்கு எதுக்கும்மா?” என்றார் பூசாரி.

“நானும்தானே அவளுக்குப் பின்னால நடக்கிறனான்.” பிறகு பெரியாயியின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, “அண்டைக்கு நான் சொன்னது பிழை. கோபத்தில சொல்லிப்போட்டன்” என்றார்.

“நானுந்தான் அறைஞ்சுபுட்டேன்” என்றாள் பெரியாயி. “விடுங்க டீச்சரம்மா. சோலி கெடக்கு.”

பூசாரியே காப்புக் கட்டிவிட்ட பிறகு ரெங்கசாமியால் தடுக்க முடியவில்லை; மறுநாள் களத்தில் மறுபடி சுண்ணாம்பு விழுந்தது. இந்தத் தடவை களத்தின் ஓரத்தில் மஞ்சள் தண்ணீர் வாளி இருந்தது. ஒவ்வொரு பிள்ளையும் காலைக் கழுவி, குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழுத்தில் இறங்கியது. காப்பு வேண்டும் என்று எல்லாப் பிள்ளைகளும் அழுததில் டீச்சர் நூல்பந்து வாங்கி மஞ்சளில் நனைத்து வைத்திருந்தார். அவருடைய அருமை அங்கேதான். முறையை எவனோ வெள்ளைக்காரன் எழுதிய புத்தகத்தில் படித்திருக்கலாம். இந்த மண்ணில் அது நிற்க வாளியும் கயிறும் வேண்டும் என்று கண்டதும், முகம் சுளிக்காமல், சிரித்துக்கொள்ளாமல், அதையும் பாடத்தில் சேர்த்துக்கொண்டார். படித்தவர்கள் எத்தனை பேருக்கு அது முடியும்? மேலேயிருந்து இறங்கி வந்து கற்றுக்கொடுக்க ஆள் உண்டு. வழி தெரியவில்லை என்று ஒரு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கத்தான் ஆள் இல்லை.

“பள்ளிக்கூடத்தைக் கோயிலாக்கிப்போட்டாய்” என்றார் இளையதம்பி மாஸ்டர்.

“கோயிலெண்டால் சனம் தானாக வரும் மாஸ்டர். பள்ளிக்கூடமெண்டால் நீங்களும் நானும்தான் வருவம்.”

நடந்த எழுத்தைப் பிள்ளைகள் அறைக்குள் போய் சாக்குப் பலகையில் விரலால் வழித்தார்கள். அப்புறம் களிமண்ணில் செய்தார்கள். அப்புறம் சிலேட்டில் எழுதினார்கள். கடைசியில்தான் புத்தகம். களத்தில் ஒரு காம்பரா அகலமாக இருந்தது மெல்லச் சுருங்கிச் சுருங்கிப் புத்தகத்துக்குள் போய் உட்கார்ந்தது. செவந்தி ழ-வை முழுதாக நடந்து முடித்த அன்று ஓடிவந்து, அது அம்மன் கோயில் வளைவு என்று தாயிடம் சொன்னாள். திருவிழா முடிந்து எல்லோரும் காப்பு அவிழ்த்தார்கள். செவந்தியின் காப்பை இன்ஸ்பெக்டர் வந்து போகும்வரை அவிழ்க்கக்கூடாது என்று பெரியாயி சொல்லிவிட்டாள். டீச்சரும் அவிழ்க்கவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று பெரியாயிக்குப் பள்ளிக்கூடத்துக்கு மேல் மலையில் வேலை. கொழுந்து நிறுக்க இறங்கியவள் கூடையோடு அரைச்சுவர் ஓரமாக நின்றுவிட்டாள். கணக்கப்பிள்ளையும் உள்ளே கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் கோட்டும் கண்ணாடியும் போட்ட யாழ்ப்பாணத்து மனிதர். மலைப் பாதையில் ஜீப்பில் வந்து வயிறு கலங்கியிருந்தார். மாஸ்டருடைய வகுப்பில் ஒரு பையனை எழுப்பினார். பையன் கணீரென்று ஆரம்பித்தான். இன்ஸ்பெக்டர் நடுவில் அவன் கையிலிருந்த புத்தகத்தில் நாலைந்து தாளைத் தள்ளிப் புரட்டி, “இதை வாசி” என்றார். பையன் புதுப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே பழைய பாடத்தைத் தொடர்ந்து ஒப்பித்தான். எங்கும் தடுக்கவில்லை. இளையதம்பி மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். பிரம்பைத் தூக்கிய கை அது என்று தெரிந்தும், அன்றைக்கு அந்த மனிதரைப் பார்க்கப் பெரியாயிக்குப் பாவமாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் சின்ன வகுப்புக்கு வந்தார். “இதுதான் அந்தப் பிள்ளையோ? பல வருஷமாக முதலாம் வகுப்பில இருக்கிறவள்?”

“இவதானுங்க” என்றார் ரெங்கசாமி முந்திக்கொண்டு.

செவந்தியின் கையில், தான் கொண்டுவந்திருந்த வேறொரு புத்தகத்தைக் கொடுத்து, நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்தார். செவந்தி பார்த்தாள். பெருவிரல் தரையில் ஊரத் தொடங்கியது. அதைப் பின்பற்றி இடுப்பும் தோளும் லேசாக அசைந்தன.

“ஆடாமல் நில்லு. காலை என்ன செய்யிறாய்? நேராக நிண்டு வாசி.”

கால் நின்றது. வாயும் நின்றது. செவந்தி தாளைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கண்ணில் எறும்பு ஓடத் தொடங்கிவிட்டது என்று பெரியாயிக்கு வெளியே நின்றபடியே தெரிந்தது. சுவரைப் பிடித்தாள். எழுத்துத் தெரியாதவள் அந்த இடத்தில் என்ன செய்ய முடியும்?

“ஐயா” என்றார் கமலாதேவி டீச்சர். “அவளின்ர காலை விடுங்கோ.”

“என்ன?”

“நீங்கள் வாசிக்கேக்க கண்ணாடி போடுறியள். கழற்றிப்போட்டு வாசியுங்கோ எண்டு நான் சொல்லேல்லை. அவளுக்குக் கால்தான் கண்ணாடி. வாசிச்சு முடியட்டும். பிறகு என்னைப் பேசுங்கோ.”

ரெங்கசாமி இருமினார். அந்தக் காலத்தில் ஒரு இன்ஸ்பெக்டரிடம் ஒரு பெண் ஆசிரியை அப்படிப் பேசினால், வேறொரு தோட்டத்துக்குத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். டீச்சருக்கு அது தெரியாமல் இல்லை. காப்புக் கட்டிய கையால் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்தார். செவந்தியின் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “ம்” என்றார்.

பெருவிரல் இறங்கியது. உள்ளே திரும்பியது.

“ம... மழை.” கோயில் வளைவில் ஒரு சுற்று. “மழை பெ... பெய்... மழை பெய்தது.” நீண்ட இடைவெளி. “குடம்... நி... நிறை... நிறைந்தது. மழை பெய்தது. குடம் நிறைந்தது.”

அழகான வாசிப்பு இல்லை அது. கணீரென்று இல்லை. மேட்டுப் பாதையில் கூடை சுமந்து ஏறுகிறவளைப் போல, ஒவ்வொரு அடியாக வைத்து, மூச்சு வாங்கி, ஏறி முடித்தாள். பக்கத்தின் கடைசிவரை ஏறினாள்.

“இந்தப் பக்கம் முந்தி சொல்லிக் குடுத்ததோ?” என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

“இல்லைங்க” என்றாள் செவந்தி. “இப்பதான் போறேன்.”

இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரெங்கசாமியிடம், “இந்தப் பிள்ளை இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில பேரை வெட்டக்கூடாது” என்றார். டீச்சரிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வெளியே போகும்போது பெரட்டுக் களத்தின் விளிம்பில் நின்று, சுண்ணாம்பு எழுத்துகளைச் சுற்றிக்கொண்டு ஜீப்புக்கு நடந்தார். மிதிக்கவில்லை. சப்பாத்தில் சுண்ணாம்பு படக்கூடாது என்றிருக்கலாம். பெரியாயி அப்படி நினைக்கவில்லை.

சித்திரை பிறந்து முதல் பெரட்டு. தப்புச் சத்தம் கேட்டுச் சனம் களத்துக்கு ஓடிவந்தது. அதுவரை நாள்தோறும் சுண்ணாம்பு எழுத்தை மிதித்து அழித்தவர்கள் அன்றைக்கு வழக்கமான வரிசையில் நிற்கவில்லை. வெளிச்சம் வராத அந்த நேரத்திலும் தரையில் வெள்ளையாகத் தெரிந்த எழுத்துகளுக்கு இடையிலும் ஓரத்திலுமாக நெளிந்து வளைந்து நின்றார்கள்.

“என்னா நிப்பு இது? வரிசையா நில்லுங்க” என்றார் ரெங்கசாமி.

“எழுத்து கெடக்குங்க” என்றது ஒரு குரல். “நாங்க காப்புக் கட்டல.”

ரெங்கசாமியும் ஒரு ட-வின் மூலையிலிருந்து காலை எடுத்துத் தள்ளி வைத்தார். பிறகு பெயர் கூப்பிடத் தொடங்கினார். கொழுந்துக்காரர்கள் முடிந்து தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்துக்காரர்கள் வந்தார்கள். கடைசியில் புல்லுவெட்டு. பெரியாயி தன் பெயருக்கு ஆமாங்க சொல்லிவிட்டு, மலைக்குப் போகாமல், கூடையோடு நின்று காது கொடுத்தாள்.

ஒவ்வொரு பெயராக வந்தது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் பெயர்களும் வந்தன. சின்னக் குரல்களில் ஆமாங்க, ஆமாங்க என்று பதில் எழுந்தது. அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தான்.

செவந்தி என்று ஒரு பெயர் வரவில்லை. ரெங்கசாமி நிமிர்ந்து, “இன்னும் என்ன நிக்கிற, பெரியாயி?” என்றார்.

“ஒண்ணுமில்லைங்க” என்றாள். கயிற்றை நெற்றியில் ஏற்றி, ழ-வின் வளைவைச் சுற்றிக்கொண்டு, மலைக்கு நடந்தாள்.